உலோக நுண்தூளும் சந்ததி நலமும்

ஒரு தேசத்தின் செல்வங்களுள் தலையாயது அதன் சந்ததியே என்பதை நமது நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நதிநீரைப் பற்றியும், வரியைப் பற்றியும், தேர்தலைப் பற்றியும் இடைவிடாது வாதாடுகிற நாம், அச்சந்ததியை உண்டாக்கும் சக்திக்கே பழுது நேரக்கூடிய ஒரு விஷயத்தைப் பற்றி வாய் திறக்கக் கூச்சப்படுகிறோம். கூச்சம் நற்குணந்தான், ஆனால் தீங்கு வரும் வழியை அது மறைத்து நிற்குமாயின் அதனைச் சற்றே ஒதுக்கி வைப்பது கடமையாகிறது. ஆகவே, நானோ என்று பெயர் பெற்ற உலோக நுண்தூள்கள் ஆண்மக்களின் விந்தாற்றலுக்கு விளைக்கக்கூடிய கேட்டைக் குறித்து இன்று நமது அபிப்பிராயத்தை வெளியிடத் துணிகிறோம்.

நானோ என்பது யாது? ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டராகும். 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களையே விஞ்ஞானிகள் நானோ துகள்கள் என்கின்றனர். மனிதனுடைய தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்று அறிந்தால், இத்தூளின் நுண்மை ஒருவாறு விளங்கும். நுண்மை மட்டுமே இங்கு விசேஷம் அன்று. பொருள் சிறுத்தால் அதன் மேற்பரப்பு பெருகுகிறது. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள ஓர் உலோகக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டரே. அதே கட்டியைப் பக்கத்துக்கு 10 நானோமீட்டர் உள்ள துண்டுகளாக்கினால், அத்துண்டுகளின் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகிறது. அதாவது, சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கு மேற்பட்ட நிலம். எடை ஒரு குன்றிமணியும் கூடவில்லை. ஆனால் உடலின் அணுக்களோடு உரசி வினைபுரியும் பரப்போ பத்து லட்சம் மடங்கு கூடிவிட்டது. இதனாலேயே கட்டியாக இருக்கும்போது சாதுவாக இருக்கும் உலோகம் தூளாகும்போது வேறு குணம் கொள்ளுகிறது.

இத்தூள்கள் எங்கோ ஆராய்ச்சிச் சாலைகளில் அடைபட்டுக் கிடப்பவை அல்ல. புண்ணுக்குக் கட்டும் துணியிலும், நாற்றம் வராதென்று விளம்பரம் செய்யப்படும் காலுறைகளிலும், சிலவகைத் தண்ணீர் வடிகட்டிகளிலும் வெள்ளியின் நானோ துகள்கள் இருக்கின்றன. சன்ஸ்கிரீன் என்னும் வெயிற்காப்புக் களிம்புகளில் துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் சேர்கின்றன. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் வெண்மை தரச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடிலும் ஒரு பகுதி நானோ அளவினதாகவே உள்ளது. இவை மனிதன் வேண்டுமென்றே செய்தவை. வேண்டாமலே உண்டாகும் வகை ஒன்று உண்டு: வெல்டிங் பட்டறையில் பொறி பறக்கும்போது எழும் புகை. உருகி ஆவியான இரும்பும் மாங்கனீஸும் குரோமியமும் நிக்கலும் காற்றில் குளிர்ந்து, நானோ அளவுத் துகள்களாய்த் தொழிலாளியின் மூக்கருகே மிதக்கின்றன. திருச்சியைச் சுற்றியும் கோயமுத்தூரைச் சுற்றியும் உள்ள பட்டறைகளில் நாள்முழுதும் குனிந்து வேலை செய்யும் இளைஞர்கள் நானோ என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நம் எல்லோரினும் அதிகமாக அதனைச் சுவாசிக்கிறவர்கள் அவர்களே.

இனி, ஆணின் உடலில் விந்தணு உண்டாகும் விதத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். விரைகளுக்குள் நூலிழை போன்ற குழல்களில் மூல அணுக்கள் பிரிந்து வளர்ந்து முதிர்ந்த விந்தணுவாவதற்கு ஏறக்குறைய 74 நாட்கள் செல்கின்றன. இத்தாலிய வைத்தியரான செர்டோலி 1865-இல் விவரித்த தாதி அணுக்கள் அவற்றைப் போஷிக்கின்றன. அத்தாதி அணுக்களே ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, இரத்தத்தில் வரும் நச்சுப் பொருள்கள் உட்புகாதபடி ஒரு கோட்டைச் சுவர்போல் நிற்கின்றன. ஆனால் நுண்தூளுக்கு இச்சுவர் முழுத்தடையாகவில்லை என்பதே மிருகங்களிடம் செய்த சோதனைகளில் கண்டது. உள்ளே சென்ற துகளோ, அல்லது அது கரைந்து வெளியிடும் உலோக அயனியோ, பிராணவாயுவின் உக்கிரமான வடிவங்களைத் தோற்றுவிக்கிறது. மற்ற அணுக்களுக்கு இவ்வுக்கிரத்தைத் தணிக்கும் பொருள்கள் தம்முள்ளேயே போதிய அளவு உண்டு. விந்தணுவோ வாலும் தலையுமாகச் சுருங்கிப் பயணத்துக்குச் சித்தமான அணுவாதலால், அதனிடம் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. அதன் மெல்லிய சவ்வும் எளிதில் கெடும் கொழுப்பால் ஆனது. ஆகையால் சவ்வு சிதைகிறது, ஓட்டம் தளர்கிறது, தகப்பனிடமிருந்து பிள்ளைக்குச் செல்லவேண்டிய மரபுப் பொருளிலும் முறிவு ஏற்படுகிறது.

உலோகங்களுக்கும் விரைகளுக்கும் உள்ள பகை புதிதன்று. 1950-களிலேயே செக்கோஸ்லோவாக்கியாவில் பாரிஸெக் என்னும் ஆராய்ச்சியாளர், காட்மியம் உப்பைச் சிறிதளவு ஊசியால் செலுத்தினாலும் எலிகளின் விரைகள் அழிந்துபடுவதையும், துத்தநாகத்தை உடன் கொடுத்தால் அவ்வழிவு தடைபடுவதையும் கண்டார். 1975-இல் ருமேனியாவில் பாட்டரித் தொழிற்சாலைத் தொழிலாளரைச் சோதித்தபோது, உடலில் ஈயம் மிகுந்தவர்களிடம் விந்தணுக்கள் குறைந்தும் உருக்கெட்டும் இருந்தன. நானோ தூளைப் பற்றிய ஆராய்ச்சி இந்நூற்றாண்டில் தொடங்கியது. 2005-இல் அமெரிக்காவில், சுண்டெலியின் விந்து மூல அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, வெள்ளி, அலுமினியம், மாலிப்டினம் ஆக்ஸைடு ஆகியவற்றின் நானோ துகள்களை அவற்றோடு சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றுள் வெள்ளியே மிகவும் கொடிதென்று தெரிந்தது. 2009-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், கருவுற்ற சுண்டெலிகளுக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு நானோ தூளை ஊசியால் செலுத்தினர். பிறந்த ஆண் குட்டிகளின் மூளையிலும் விரைகளிலும் அத்துகள்கள் காணப்பட்டன. அக்குட்டிகளின் விந்து உற்பத்தியும் குன்றியது. தாயின் உடலிற் புகுந்தது மகனின் ஆற்றலைத் தீண்டிற்று என்பதே இதன் பொருள். அதன்பின் எலிகளிடம் வெள்ளியையும் துத்தநாக ஆக்ஸைடையும் கொண்டு நடந்த பல சோதனைகளிலும் விந்தணுத் தொகை குறைவதும் ஓட்டம் தளர்வதும் கண்டிருக்கின்றனர்.

இவ்வளவையும் படித்த நேயர்கள் பீதி கொள்ளலாகாது. ஒரு வழக்கில் ஒரு கட்சியின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறுவது நியாயமன்று. மறு கட்சியையும் கேட்போம். மேற்கூறிய சோதனைகளில் பெரும்பாலானவை எலிகளிடம் நடந்தவை. கொடுத்த அளவுகள், மனிதன் ஒரு களிம்பாலோ காலுறையாலோ பெறக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம்; பல சோதனைகளில் தூள் நேராக ஊசியால் செலுத்தப்பட்டது. காயமில்லாத தோலின் வழியாக இத்தூள் உட்புகுவது மிகச் சொற்பமே. நேர்ந்த கேடு நிலையானதென்றும் எப்போதும் சொல்வதற்கில்லை. 2010-இல் உலோகமல்லாத கார்பன் நானோ குழாய்களை ஆண் சுண்டெலிகளுக்குப் பலமுறை செலுத்தியபோது, விரைகளில் உண்டான சேதம் 60 நாட்களுக்குப் பின் சீர்பட்டது. அவற்றின் சந்ததிச் சக்தியும் குறையவில்லை. நன்மை பயக்கும் நானோ தூளும் உண்டு. சந்ததிப் பேற்றுக்கான சிகிச்சை நிலையங்கள் சிலவற்றில், காந்தத்துக்கு வசப்படும் இரும்பு ஆக்ஸைடு நுண்மணிகளைக் கொண்டே நலிந்த விந்தணுக்களைப் பிரித்து நீக்குகிறார்கள். ஆகவே, நானோ என்றதும் நஞ்சென்று கூவுவது அறியாமையாகும். நானோ என்றதும் முன்னேற்றமென்று கைதட்டுவதும் அதற்குச் சற்றும் குறைந்த அறியாமையன்று.

மனிதரிடம் கண்டது யாது என்று கேட்பின், அங்கே சாட்சியம் மெலிந்தே இருக்கிறது. டென்மார்க் தேசத்தில் 1980-களின் இறுதியில் வெல்டிங் தொழிலாளரின் விந்து தரங்குறைந்திருப்பதாக ஆராய்ச்சியாளர் எழுதினர். 1998-இல் அத்தேசத்திலேயே நடந்த மற்றோர் ஆராய்ச்சியில் அக்குறைவு காணப்படவில்லை. தணலின் வெப்பமே விரைகளுக்குக் கேடு செய்யக்கூடியதாதலால், புகையின் பங்கு இவ்வளவு, வெப்பத்தின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் கூறுவதும் எளிதன்று. 1973-க்கும் 2018-க்கும் இடையே உலகில் ஆண்களின் விந்தணுச் செறிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டதென்று 2022-இல் ஒரு பெருந்தொகுப்பு ஆராய்ச்சி கூறிற்று. அக்கணக்கின் முறையை மறுக்கும் அறிஞரும் உளர். அக்குறைவு உண்மையென்றே கொண்டாலும், 1970-களில் தொடங்கிய ஒன்றுக்கு நேற்று வந்த நானோ தொழிலைக் காரணமாக்குவது பொருந்தாது. எதனை எதன்மேல் சுமத்தலாம், எதனைச் சுமத்தலாகாது என்பதில் எச்சரிக்கையாயிருப்பதே நமது வாதத்துக்கு வலிமை தரும்.

அங்ஙனமாயின் பேசாமலிருந்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். மனிதரிடம் தீங்கு ருசுவாகும்வரை காத்திருப்போம் என்பதே தொழில் முதலாளிகளின் வழக்கமான சமாதானம். இச்சமாதானம் முன்னொரு முறை என்ன விலை பெற்றது என்பதை நேயர்கள் கேட்டருள வேண்டும்.

டி.பி.சி.பி. என்று சுருக்கமாக வழங்கும் ஒரு ரசாயனம், வேர்ப்புழுக்களைக் கொல்வதற்காக அமெரிக்காவில் 1950-களில் விற்பனைக்கு வந்தது. அது உலோகமன்று, ஆயினும் அதன் சரித்திரம் நமக்குப் பாடமாகும். அதனைச் செய்த கம்பெனிகளின் ஆதரவில் நடந்த சோதனையிலேயே, எலி முதலிய பிராணிகளின் விரைகள் அதனால் சுருங்கிப்போவது தெரிந்தது. அம்முடிவு 1961-இல் அச்சேறி வெளிவந்தும் இருந்தது. எனினும் விற்பனை நிற்கவில்லை. வேலை செய்தவர்களுக்கு அச்செய்தி எட்டவுமில்லை. பதினாறு ஆண்டுகள் சென்றன. 1977-இல் கலிபோர்னியாவில் லாத்ராப் என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலையில், தங்களுள் எவருக்குமே பிள்ளை பிறக்கவில்லையே என்று தொழிலாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். சோதித்துப் பார்த்தபோது பலரிடம் விந்தணுக்கள் மிகவும் குறைந்திருந்தன; சிலரிடம் அறவே இல்லை. ஆராய்ச்சிச் சாலையில் எலி சொன்ன சாட்சியத்தை உலகம் ஏற்பதற்கு மனிதர்கள் மலடாக வேண்டியிருந்தது. அப்போதும் ஒரு பழ உற்பத்தியாளர் சங்கத்தின் காரியதரிசி, இனிப் பிள்ளை வேண்டாதவர்களை அவ்வேலைக்கு அமர்த்திக்கொள்ளலாமே என்று அமெரிக்க சர்க்காருக்கு யோசனை கூறி எழுதினார். 1978-இல் தொழிற்சாலைக் காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குக்குமேல் அது இருக்கலாகாதென விதி செய்யப்பட்டது. 1979-இல் அங்கு அதன் உபயோகம் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. ஆனால் கோஸ்டாரிகா முதலிய ஏழை நாடுகளின் வாழைத்தோட்டங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. அங்கு சந்ததியிழந்த கூலியாட்கள் நியாயம் கேட்டுப் பல பத்தாண்டுகள் கோர்ட்டு வாசல்களில் நின்றார்கள். ஒரு தேசம் தன் மக்களுக்கு ஆகாதென்று கண்டதை எளிய தேசத்தாரின் தலையில் கட்டுவது புதுக்கதையன்று என்பதையும் இதனால் நாம் அறிகிறோம்.

எலிகளிடம் கண்டது எல்லாம் மனிதரிடமும் நிகழும் என்பதன்று நமது வாதம். எலிகளிடம் கண்டதை மனிதருக்குச் சொல்லாமல் மறைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதும், ஐயம் எழுந்தபின் ருசுச் செய்யும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பதுமே நமது வாதம்.

இப்பொறுப்பு யாருடையது என்பதற்கு நம் நாட்டிலேயே தீர்ப்பு இருக்கிறது. அதுவும் நம் தமிழ் ஜில்லா ஒன்றிலிருந்து எழுந்த வழக்கில். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டுப்போனமையால் வேலூர் மக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆந் தேதி இந்திய சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மீட்கமுடியாத கேடு நேருமென்ற அபாயம் உள்ள இடத்தில், விஞ்ஞான நிச்சயம் இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கைகளை ஒத்திப்போடலாகாது என்றும், தன் தொழில் தீங்கற்றது என்று ருசுச் செய்யும் பாரம் தொழில் நடத்துகிறவரையே சாரும் என்றும் அத்தீர்ப்பில் கூறப்பட்டது. ஆற்று நீரைக் காக்கப் பிறந்த இந்தத் தத்துவம் மனிதனின் வித்தைக் காப்பதற்கு ஏன் பயன்படலாகாது? சாதாரணச் சட்டத்தில் குற்றஞ் சாட்டுகிறவனே ருசுச் செய்ய வேண்டும் என்பது மெய்யே. ஆனால் பட்டறைத் தொழிலாளியிடம் ஆராய்ச்சிச் சாலை உண்டா? தன் மூச்சிற் புகுந்த துகளை அளந்து காட்ட அவனால் இயலுமா? அளக்கும் கருவியும், பொருளின் இரகசியமும், அதனால் வரும் லாபமும் எவன் கையில் உளவோ, அவனே ருசுச் செய்வதுதான் நியாயமாகும்.

பிற தேசங்கள் செய்திருப்பது என்ன? ஐரோப்பிய யூனியனில் விற்கப்படும் அழகுச் சாதனங்களில் நானோ பொருள் சேர்ந்திருப்பின், சேர்க்கைப் பட்டியலில் அதன் பெயருக்கு அருகே நானோ என்று குறிப்பது 2013 ஜூலை முதல் கட்டாயம். பிரான்ஸ் தேசம் அவ்வாண்டிலேயே, நானோ பொருளைச் செய்வோரும், இறக்குமதி செய்வோரும், விநியோகிப்போரும் அதனைச் சர்க்கார் பதிவேட்டில் ஆண்டுதோறும் பதியவேண்டுமென விதித்தது. மரபுப் பொருளுக்குச் சேதம் விளைக்காது என்று உறுதி கூற இயலவில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2021-இல் கருத்துத் தெரிவித்ததன் பேரில், உணவில் டைட்டானியம் டை ஆக்ஸைடு சேர்ப்பது 2022-இல் அங்கு தடை செய்யப்பட்டது. வெள்ளி, தங்கம், செம்பு, பிளாட்டினம் ஆகியவற்றின் நானோ வடிவங்கள் சிலவற்றை அழகுச் சாதனங்களிலிருந்து விலக்கும் விதி 2024-இல் பிறந்தது. இவ்விஷயத்தில் உலகம் ஒருமனப்பட்டிருக்கிறதென்று நாம் கூறவில்லை. டைட்டானியம் டை ஆக்ஸைடைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, 2023-இல் அத்தகைய தடைக்குக் காரணம் காணவில்லை. அமெரிக்காவில் உணவின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குவரை அதனைச் சேர்க்க அனுமதி உண்டு.

ஆயினும் அந்த அமெரிக்காவிலேயே, தொழிலாளர் நலம் பற்றிய தேசிய ஆராய்ச்சி நிலையம் செய்துள்ள சிபாரிசுகள் கவனிக்கத்தக்கவை. டைட்டானியம் டை ஆக்ஸைடின் சாதாரணத் தூளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம் என்று எல்லை குறித்த அந்நிலையம், அதே பொருளின் அதிநுண்தூளுக்கு 0.3 மில்லிகிராம் என்று 2011-இல் குறித்தது. வெள்ளித் தூளுக்கு முன்பு 10 மைக்ரோகிராமாக இருந்த எல்லைக்குப் பக்கத்தில், நானோ வெள்ளிக்கு 0.9 மைக்ரோகிராம் என்று 2021-இல் தனி எல்லை வகுத்தது. இவை நுரையீரலையும் ஈரலையும் கருதி வகுத்த எல்லைகளேயன்றி விந்தாற்றலைக் கருதியவை அல்ல. ஆனால் ஒரே பொருளாயினும், நுண்மை கூடினால் விதியும் கடுமையாக வேண்டும் என்னும் தத்துவம் இங்கு ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் உலோகப் புகைக்கும் தூளுக்கும் குறித்த எல்லைகளோ பெரும்பாலும் எடையை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டவை. இரண்டரை கிரவுண்டு மேற்பரப்பைக் குன்றிமணித் தராசில் நிறுத்துக் கணக்கிடுவது போன்றது இது.

நம் இந்திய சர்க்கார் இத்துறையில் உறங்குவதாகச் சொல்வது நியாயமன்று. 2007-இல் நானோ மிஷன் என்னும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டு நம் விஞ்ஞானிகள் உலகில் நற்பெயர் ஈட்டியிருக்கின்றனர். நானோ மருந்துகளைப் பரிசீலிக்கும் வழிகாட்டு நெறிகள் 2019-இலும், விவசாயத்துக்கும் உணவுக்கும் உரிய நானோ பொருள்களுக்கான நெறிகள் 2020-இலும் வெளியாயின. நாம் இவற்றை வரவேற்கிறோம். ஆனால் வழிகாட்டு நெறி வேறு, சட்டம் வேறு. முன்னது ‘செய்க’ என்று வேண்டுவது. பின்னது ‘செய்யாவிடில்’ என்று கேட்பது. காலுறையையும் களிம்பையும் வெல்டிங் புகையையும் அந்நெறிகள் தொடவுமில்லை. தொழிலாளிக்கு அபாயத்தைத் தெரிவிக்கும் கடமையோ சட்டத்தில் உண்டு. போபால் விபத்துக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அக்கடமை, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அது பெரிய அபாயத் தொழில்களுக்கே உரியது. ஐந்து பேர் வேலை செய்யும் தெருமுனைப் பட்டறையை அது எட்டிப் பார்ப்பதில்லை.

இச்சந்தர்ப்பத்தில் மற்றொரு சங்கதியையும் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. பிள்ளைப்பேறு தாமதிக்கும் ஆண்மகன் வைத்தியரிடம் செல்ல வெட்கி, முதலில் நாடுவது தங்க பஸ்பம் என்றும் தாது விருத்தி என்றும் விற்கப்படும் சரக்குகளையே. பஸ்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அதனையே ஒரு நற்சாட்சிப் பத்திரமாக வியாபாரிகள் எடுத்து வீசுகின்றனர். நுண்மை என்பது குணத்துக்குச் சான்றாகாது. உடலுக்குள் எளிதிற் புகும் என்பதற்கே சான்றாகும். புகுவது மருந்தாயின் நன்று, ஈயமாயின்? அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இணையம் வழியாக விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ காணப்பட்டது. நம் சித்த ஆயுர்வேத முறைகளை இழிவுபடுத்துவது நமது நோக்கமன்று. உலோகத்தைப் பலமுறை சுத்தி செய்து, பதமும் பத்தியமும் அறிந்து, ஆளுக்கேற்ற அளவில் கொடுக்கவேண்டுமென்று விதித்த பெரியோர்கள், வீதியில் டப்பாவில் அடைத்து விற்கச் சொல்லவில்லை. ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்விளம்பரங்கள் பேருந்து நிலையச் சுவர்களில் உயிரோடிருப்பது யாருடைய குற்றம்? சந்ததி வேண்டி உண்ணும் உலோகமே சந்ததிக்குக் காலனாகலாம் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு பதைக்கிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வயதுவந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் மலட்டுத்தன்மையின் துன்பத்தை அநுபவிக்கிறார். பிள்ளையில்லாத் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருக்கிறது. ஆனால் நம் சமூகத்தில் ‘மலடி’ என்ற சொல் தெருவெல்லாம் ஒலிக்க, ஆணுக்குரிய சொல் அகராதியில் ஒளிந்து கிடக்கிறது. மருமகளை மருத்துவமனைக்கும் அரசமரத்துக்கும் மாறி மாறி அழைத்துச் செல்லும் குடும்பங்கள், மகனை ஓர் எளிய விந்துப் பரிசோதனைக்கு அனுப்பத் தயங்குகின்றன. இம்மௌனம் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி என்பது வெளிப்படை. இதுவே ஆணுக்கும் இழைக்கும் அநீதி என்பதை நாம் எண்ணுவதில்லை. லாத்ராப் தொழிலாளர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசியதனாலன்றோ உண்மை வெளியாயிற்று? நம் பட்டறைகளில் அப்பேச்சு எழுமா? எழாதாயின், எத்தனை வீடுகளில் தொழிலின் குற்றம் மனைவியின் குற்றமாகத் தூற்றப்படும்?

ஆகையால் நாம் வற்புறுத்துவன பின்வருமாறு. முதலாவது, நானோ உலோகம் சேர்ந்த எப்பொருளாயினும் அதன் மேற்சீட்டில் அதனைத் தமிழ் முதலிய தேச பாஷைகளில் குறிப்பது சட்டத்தால் கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டாவது, அத்தகைய பொருளைச் செய்வோரும் இறக்குமதி செய்வோரும் பதிவு செய்துகொள்வதோடு, சந்ததிச் சக்தியைப் பற்றிய சோதனை முடிவுகளைப் பொதுமக்கள் அறிய வெளியிடவும் வேண்டும். மூன்றாவது, தொழிற்சாலைக் காற்றுக்கான எல்லைகளில் துகளின் நுண்மையும் கணக்கில் சேர வேண்டும். நான்காவது, வெல்டிங், உலோகம் அரைத்தல், முலாம் பூசுதல் ஆகிய தொழில்களில் ஈடுபட்டோருக்குப் புகையுறிஞ்சியும் தகுந்த முகமூடியும் அளிப்பதை, எத்தனை சிறிய பட்டறையாயினும், கட்டாயமாக்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அவர்கள் விரும்பினால் இலவசமாகவும் இரகசியமாகவும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ள ஏற்பாடு வேண்டும். ஐந்தாவது, நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகள் இத்தொழிலாளரிடையே பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ச்சி நடத்துவதற்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும். டென்மார்க்கின் தொழிலாளியைப் பற்றி நாம் அறிந்திருக்கிறோம். திருவெறும்பூர்த் தொழிலாளியைப் பற்றியும் அறிவதே முறை.

இவையெல்லாம் தொழிலை நசுக்கும் என்று சிலர் கூக்குரலிடுவர். நாம் தொழிலுக்கு விரோதிகள் அல்லோம். சுதேசத் தொழில் செழிக்க வேண்டுமென்பதில் எவருக்கும் நாம் பின்வாங்குகிறவர்களுமல்லோம். ஒரு மேற்சீட்டை அச்சிடுவதால் எந்தத் தொழிலும் நசிந்ததாகச் சரித்திரமில்லை. முகமூடியும் புகையுறிஞ்சியும் சிறு பட்டறைக்காரருக்குப் பாரமாயின், அவற்றுக்குச் சர்க்கார் உதவிப் பணம் கொடுக்கட்டும். மறைத்து விற்றுப் பின்னர் அகப்பட்ட தொழில்களே உலகில் மானமும் பொருளும் இழந்தன. சொல்லி விற்ற தொழில்கள் நிலைத்தன.

சட்டம் வரும்வரை ஜனங்கள் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. வெல்டிங் செய்வோர் புகை முகத்தில் படாதபடி காற்றோட்டத்துக்கு எதிர்ப்புறம் நின்று வேலை செய்வதும், வேலை உடையை மாற்றிக் கைகால் கழுவிய பின்னரே உண்பதும் காசு செலவில்லாத காப்புக்கள். மணமாகி ஓராண்டு கடந்தும் கருவுறாவிடில் கணவனும் மனைவியும் ஒருங்கே சென்று பரிசோதித்துக்கொள்ளட்டும். வைத்தியரிடம் கணவன் தன் தொழில் இன்னதென்று தானே முன்வந்து சொல்லட்டும். விந்தணு 74 நாட்களில் புதிதாக விளைவது என்று கூறினோமன்றோ? கேடு செய்யும் காரணத்தினின்று விலகினால், மூல அணுக்கள் அழியாதிருக்கும்வரை, உடல் மீண்டும் தன் வேலையைச் செம்மையாகத் தொடங்க இடமுண்டு. இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் காலத்தே அறிந்தவனுக்கே அந்நம்பிக்கை பயன்படும்.

நம் சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் நம் பிரதிநிதிகள் இதனைக் கேள்வியாக எழுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். எலிகள் சாட்சி சொல்லி முடித்துவிட்டன. மனிதர்களும் கூண்டேறிச் சாட்சி சொல்லும்வரை காத்திருப்பதா, அதற்கு முன்னரே நீதி செய்வதா என்பதைச் சர்க்கார் தீர்மானிக்கட்டும்.